மழைக்காலத்தில் மலையேறும் பிக்கப் வண்டி: உள்ளே தண்ணீர் புகாமல் காப்பது எப்படி?

மலைக் கிராமங்களுக்கு லோடு அடிக்கவோ சொந்த நிலத்துக்குப் போய்வரவோ ஃபோர் வீல் பிக்கப் அல்லது ஜீப் புதிதாக வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலூர் மாவட்டத்தில் ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டுப் பக்கம் போகிறவர்கள், அமிர்தி வழியாக ஜவ்வாது மலை ஏறுகிறவர்கள், பாலாற்றையோ பொன்னையாற்றையோ தரைப்பாலத்தில் கடந்தே ஆக வேண்டியவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

வருடத்தில் பெரும்பகுதி நம் ஆறுகள் வெறும் மணலாகக் கிடக்கின்றன. அதனால் வண்டிக்குள் தண்ணீர் போகும் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. என் வண்டியின் பின் கிரவுன் (பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரம்) ஒரே மழைக்காலத்தில் சத்தம் போட ஆரம்பித்து, பேரிங்கோடு மாற்ற வேண்டி வந்தது. அந்தப் பருவத்தில் அது இறங்கிய தண்ணீர் எதுவும் முட்டிக்கு மேல் இல்லை. நீங்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியதும் இதுதான். பெரும்பாலான சேதம் முட்டியளவு ஓடையில் தொடங்கி, வண்டியை வீட்டில் கொண்டுவந்து நிறுத்திய பிறகு உள்ளுக்குள் வளர்கிறது. அதைத் தடுக்க ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். தடுக்காமல் விட்டால் ஆகும் செலவு லட்சத்தைத் தொடும்.

கீழே உள்ள விலைகள் நான் கொடுத்தவை அல்லது விசாரித்து வைத்தவை. கடைக்குக் கடை, வண்டிக்கு வண்டி மாறும்.

1. பழைய வண்டி வாங்கினால், மூழ்கிய வண்டியா என்று பாருங்கள்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட பெருவெள்ளங்களுக்குப் பிறகு, மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வெளியூர்களில் விலைக்கு வரும். விலை மலிவாக இருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். சுருளுக்குள் போன சேற்றை யாரும் கழுவுவதில்லை, அடிப்பகுதியில் கறைக் கோடு தெரியும். சீட்டைத் தாங்கும் தண்டவாளம், பெடலுக்கு மேலே உள்ள ஸ்பிரிங், ஃபியூஸ் பாக்ஸின் பின்பக்கம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். செம்புக் கம்பி முனையில் பச்சைக் களிம்பு இருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

பழைய பாலிசி நகலையும் கேட்டு வாங்குங்கள். தொடர்ந்து முழுக் காப்பீடு போட்டு வந்த வண்டியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஆண்டுக்காண்டு ஏறும். திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் என்ன கிளெய்ம் எடுத்தார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் மழுப்பலாக வந்தால் அந்த வண்டி வேண்டாம்.

2. வேலையை ஆவணிக்குள் தொடங்குங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. ஆனால் வேலூர்ப் பக்கம் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளிலும் இடியோடு கொட்டித் தீர்க்கும் என்பது உங்களுக்கே தெரியும். முதல் பெருமழைக்குப் பிறகு மெக்கானிக் ஷெட்டுகளில் வரிசை நிற்கும், அவசரத்தில் பாதி வேலைதான் நடக்கும். ஆடி முடிந்ததும் வண்டியை விடுங்கள். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் சேர்ந்து, உதிரிபாகம் கையில் இருந்தால், இரண்டு நாளில் முடிந்துவிடும்.

மஞ்சள் போர்டு வண்டியானால் எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதியையும் சேர்த்துப் பாருங்கள். எட்டு வருடத்துக்கு உட்பட்ட வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் போனால் வருடா வருடம் எஃப்.சி. எப்படியும் அதற்காக வண்டியைக் கழுவி, பெயிண்ட் அடித்து, பிரேக் பார்ப்பீர்கள். அந்தச் செலவோடு இந்தச் செலவையும் சேர்த்தால் லேபர் ஒரு பங்கு மிச்சம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எஃப்.சி. பெயிண்ட் அடிப்பவர்கள் அவசரத்தில் சேற்றின் மேலேயே கறுப்புப் பெயிண்ட்டை ஸ்பிரே செய்துவிடுவார்கள். பிரீதர் மூடி (அடுத்த தலைப்பில் சொல்கிறேன்), சேஸிஸில் தண்ணீர் வடியும் துளை, கிரீஸ் நிப்பிள் எல்லாம் அடைந்து போகும். பக்கத்தில் நின்று பாருங்கள்.

3. பிரீதர் குழாய்: முதல் செலவு இதற்குத்தான்

இருக்கும் பணத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கிறதே, அதுதான் கிரவுன் ஹவுசிங். லோடோடு மலை ஏறி இறங்கினால் அது கை வைக்க முடியாத அளவு சூடாகும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேற, ஹவுசிங்கின் தலையில் ஒரு சின்ன மூடி வைத்திருப்பார்கள். அதுதான் பிரீதர். அந்தச் சூட்டோடு ஓடைத் தண்ணீரில் இறங்கினால் ஹவுசிங் சட்டென்று குளிர்கிறது, உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சத்தான் செய்யும். பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை உறிஞ்சும். பிரீதர் சேற்றில் அடைந்திருந்தால் ஆயில் சீல் வழியாக உறிஞ்சும். ஆயில் சீல் என்பது உள்ளே இருக்கும் ஆயிலைப் பிடித்து வைக்கச் செய்த பொருள். வெளியிலிருந்து வரும் தண்ணீரை அது நம்பகமாகத் தடுக்காது.

கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி), முன் அச்சு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நான்குக்கும் நான்கு பிரீதர் இருக்கும். எங்கே இருக்கிறது என்று மெக்கானிக்கை விட்டுக் காட்டச் சொல்லி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

பழைய பிரீதரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மரை அளவு வண்டிக்கு வண்டி மாறும், வாயால் சொல்லி வாங்கினால் மூன்று முறை அலைய வேண்டும். அதே மரையில் குழாய் மாட்டும் நிப்பிள் வாங்குங்கள். டீசல், ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் வாங்குங்கள். சாதாரணத் தோட்டத்துப் பிளாஸ்டிக் டியூப் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். ஹோஸை இன்ஜின் அறைக்குள், பானெட்டுக்குக் கீழே எட்டும் மிக உயரமான இடத்துக்குக் கொண்டுபோய், முனையைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். முனையில் ஒரு சின்ன ஃபில்டர் மாட்டினால் தூசி போகாது.

அச்சு மேலும் கீழும் ஆடும் என்பதை மறக்காதீர்கள். கமான் பட்டை முழுவதும் இறங்கி நிற்கும்போதும் குழாய் இழுபடக் கூடாது. சைலன்சர் பைப்புக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் தள்ளிக் கட்ட வேண்டும். எங்கும் மடியக் கூடாது. மடிந்தால் அடைத்த மாதிரிதான்.

நான்குக்கும் சேர்த்து ஹோஸ், நிப்பிள், கிளிப் என்று ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் அடங்கும். ஒரு கிரவுன் பிளேட், பினியன் செட் மாற்ற ஆகும் செலவில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

4. ஆயிலைப் பார்க்கும் முறை

தண்ணீர் போனதா இல்லையா என்று ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். வண்டி இரவு முழுக்க அசையாமல் நின்றால் தண்ணீர் அடியில் தங்கிவிடும். அதனால் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே கிரவுன் ஹவுசிங்கின் அடியில் உள்ள பிளக்கைக் கால் சுற்று, அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் முதலில் சொட்டுவது தண்ணீராகத்தான் இருக்கும். வண்டி ஓடிய பிறகு பார்த்தால் இரண்டும் கலந்து, பால் கலந்த காபி நிறத்தில் வரும். அந்த நிறம் தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். அந்தக் கலவைக்கு வழுக்கும் சக்தி இல்லை, பேரிங்கில் துருப் புள்ளி விழ நிறைய நாள் ஆகாது.

மாற்றும்போது மேலே உள்ள ஃபில்லர் பிளக்கை முதலில் கழற்றச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் கழற்றாத பிளக் இறுகிப்போய் இருக்கும். அடியைத் திறந்து ஆயிலை வடித்துவிட்டு, மேலே திறக்க முடியாமல் போனால் வண்டி அங்கேயே நிற்கும்.

பால் நிற ஆயிலாக இருந்தால் ஒரு தடவை மாற்றினால் போதாது. விலை குறைந்த புது கியர் ஆயிலை ஊற்றி, சில கிலோமீட்டர் லோடு இல்லாமல் ஓட்டி, வடித்துவிட்டு, பிறகு கம்பெனி சொன்ன தரத்து ஆயிலை ஊற்றுங்கள். எந்த கிரேடு, எத்தனை லிட்டர் என்பது வண்டியின் புத்தகத்தில் இருக்கும். கியர் ஆயில் லிட்டர் நானூறு ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. டீசல் ஊற்றிக் கழுவலாம் என்று சிலர் சொல்வார்கள். முழுவதும் வடியாத டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்துவிடும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

5. இன்ஜினுக்குக் காற்று போகும் வழி

இன்ஜினை ஒரே நொடியில் கொல்லக்கூடியது இது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 625 மில்லி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம், அமுக்க விகிதம் 16.5 என்றால், வெறும் 40 மில்லி. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விட்டால் பிஸ்டன் மேலே வர முடியாது, கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

உங்கள் வண்டியின் காற்று வாய் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி உயரத்தில் இருக்கும், ஆனால் அதற்குப் போகும் குழாயின் வாய் ஹெட்லைட்டுக்குப் பின்னால் தாழ்வாக இருக்கலாம். டேப் வைத்துத் தரையிலிருந்து அளந்து, அந்த அளவை டேஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள். வண்டி நகரும்போது முன்னால் அலை எழும், பள்ளத்தில் மூக்கு இறங்கும். அதனால் அந்த உயரத்துக்கு ஓர் அடி கீழேயே உங்கள் எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சொல்லும் அளவு ஒன்று இருந்தால், இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. மஹிந்திரா தார் வண்டிக்கு 650 மி.மீ., ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு 700 மி.மீ. என்று கம்பெனியே சொல்கிறது. அது தேங்கி நிற்கும் தண்ணீருக்கு, சரியாக இருக்கும் வண்டிக்கு. பழைய பிக்கப்பை அதோடு ஒப்பிட வேண்டாம்.

ஃபில்டர் பெட்டியின் மூடி ரப்பர், கிளிப், குழாய் இணைப்புகள் ஆகியவற்றில் வெடிப்பு இருந்தால் உடனே மாற்றுங்கள். நூறு இருநூறு ரூபாய்ச் சாமான்கள்தான்.

ஸ்நார்க்கெல் (காற்று வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும் குழாய்) போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூர்க்காவில் கம்பெனியே போட்டுத் தருகிறது, அதில் பிரச்சினை இல்லை. வெளியே வாங்கி மாட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று இருக்கிறது. எஃப்.சி.யில் நிறுத்தி வைக்கவும், கிளெய்மில் மறுக்கவும் அது ஒரு காரணமாகிவிடும். போட்டாலும் இணைப்புகளில் காற்று கசிந்தால் ஒரு பயனும் இல்லை. எனக்குக் கேட்டால், முட்டிக்கு மேல் தண்ணீரில் லோடு வண்டி இறங்கவே கூடாது. இறங்காத வண்டிக்கு ஸ்நார்க்கெல் தேவையும் இல்லை.

6. வயரிங்

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். இன்ஜின் அறையிலும் சேஸிஸ் ஓரமாகவும் எட்டுகிற கப்ளர்களை (வயர்களை இணைக்கும் சொருகிகளை) ஒவ்வொன்றாகப் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு, டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) மெல்லியதாகத் தடவி மாட்ட வேண்டும். சாதாரண கிரீஸ் வேண்டாம், கப்ளரின் ரப்பரை அது ஊதிப்போகச் செய்யும். ஸ்பிரேயும் கிரீஸும் சேர்த்து எழுநூறு, எண்ணூறு ரூபாய்.

எர்த் கம்பி போல்ட்டுகளை மறந்துவிடுகிறார்கள். லைட் மங்குவது, செல்ஃப் இழுக்காதது, மீட்டர் தாறுமாறாகக் காட்டுவது எல்லாம் பெரும்பாலும் துருப்பிடித்த எர்த்தால் வருபவை. கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

கட்டக் கூடாத இடமும் உண்டு. கப்ளரின் வாயைப் பிளாஸ்டிக் கவரால் இறுகக் கட்டினால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கும். ஆல்டர்நேட்டரை எதைக்கொண்டும் மூட வேண்டாம், அதற்குக் காற்று வேண்டும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியு தாழ்வாக இருந்தால் அதன் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், தண்ணீர் அதைத் தொடும் உயரமும் உங்கள் எல்லைக் கணக்கில் சேரும்.

7. டீசல், பிரேக், வீல் பேரிங்

டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீரை வடிக்கும் திருகு இருக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வடியுங்கள். மலையில் பேரலில் வைத்து விற்கும் டீசலை அவசரத்துக்குக்கூட சிஆர்டிஇ (காமன் ரெயில்) டீசல் இன்ஜினில் ஊற்றாதீர்கள். இன்ஜெக்டர் ஒன்று போனாலே பத்தாயிரத்துக்கு மேல்.

பிரேக் ஆயில் ஈரத்தைத் தானாகவே இழுக்கும் பொருள். இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். பின் டிரம்மைத் திறந்து சேறு தட்டி, ஹேண்ட் பிரேக் கேபிளுக்கு ஆயில் விடுங்கள். வீல் பேரிங்குக்குத் தண்ணீர் தாங்கும் கிரீஸ் வைத்து, ஹப் சீலைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

8. சேஸிஸும் உப்பும்

எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல. மலை ஓடையில் நனைந்த வண்டி சேற்றோடு வரும், அவ்வளவுதான். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் இடங்களை ஒட்டித் தேங்கும் தண்ணீர் அப்படி இல்லை. பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பு கலந்த தண்ணீர் இரும்பை வேகமாக அரிக்கும். உப்புத் தோல் லோடு அடிக்கிற வண்டியின் நிலை இன்னும் மோசம், லோடு ஏற்றும் தொட்டியிலிருந்து உப்புநீர் சொட்டிச் சொட்டி சேஸிஸையும் கமான் பட்டையையும் பிரேக் பைப்பையும் தின்றுவிடும். மழையே இல்லாத மாதத்திலும் அந்த வண்டிகளை அடியோடு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். தோல் லோடு ஏற்றுவதாக இருந்தால் தொட்டியில் கனமான தார்ப்பாய் விரித்து, ஓரங்களை மேலே மடித்துக் கட்டுங்கள்.

அடிப்பக்கக் கோட்டிங் பிக்கப்புக்கு நாலாயிரம், ஐயாயிரம் கேட்கிறார்கள். நல்ல செலவுதான், ஆனால் துருவின் மேலும் ஈரத்தின் மேலும் அடித்தால் உள்ளே இருப்பதை மூடி வைத்து வளர்ப்பதாக ஆகும். கழுவி, துரு சுரண்டி, ஒரு நாள் முழுக்க வெயிலில் காய்ந்த பிறகுதான் அடிக்க விட வேண்டும். பிரேக் ஹோஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், சைலன்சர், வடிகால் துளை ஆகியவற்றில் படக் கூடாது.

9. இறங்குவதற்கு முன்

பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு மேலிருந்து தெரியாது. 2021 நவம்பர் வெள்ளத்தில் மாதனூர் உள்ளித் தரைப்பாலமே அடித்துப் போனது. மேலே தண்ணீர் ஓடினால் கீழே பாலம் இருக்கிறதா என்பதே நிச்சயமில்லை.

நம் ஊரில் மழை இல்லையே என்று இறங்காதீர்கள். சித்தூர் மாவட்டத்தில் கலவகுண்டா அணையைத் திறந்தால் பொன்னையாறு ஏறும். மோர்தானா அணை நிரம்பி வழிந்தால் குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆறு ஏறும். சந்தேகமாக இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077-இல் கேளுங்கள். ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தால் சின்னக் காரைத் தள்ளும், இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளைத் தள்ளும். தரைப்பாலத்தில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள்.

மலை ஓடையானால் யாராவது கம்பு ஊன்றி நடந்து பார்க்கட்டும். நடக்க முடியாத இழுப்பில் வண்டியும் வேண்டாம். இறங்கலாம் என்று முடிவானால், கால் மணி நேரம் வண்டியை நிறுத்திச் சூடு ஆறவிடுங்கள். மூன்றாவது தலைப்பில் சொன்ன உறிஞ்சல் குறையும், இதற்குச் செலவே இல்லை. ஃபோர் வீல் லோ போட்டு, முதல் அல்லது இரண்டாம் கியரில், நடக்கும் வேகத்தில், நிறுத்தாமல், கிளட்ச் மிதிக்காமல், கியர் மாற்றாமல் போய்விட வேண்டும். வேகமாக இறங்கினால் தண்ணீர் ஃபேனில் மோதும், ஃபேன் இதழ் வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும்.

10. தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள்

இன்ஜின் தண்ணீருக்குள் நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கக் கூடாது. ஒரு தடவைகூட வேண்டாம். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அதே கேடு. முதலில் ஆட்கள் இறங்கிக் கரைக்குப் போகட்டும். பாதுகாப்பாக இருந்தால், தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று தெரியும்படி நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். கியரையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் நியூட்ரலில் வைத்து வெளியே இழுங்கள். கியரில் வைத்து இழுத்தால் சக்கரம் இன்ஜினைச் சுற்றும்.

கரையில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காய்ந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். நனைந்திருந்தால் இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றி, சிலிண்டரிலிருந்து தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் இன்ஜின் சுற்ற வேண்டும். அது ஷெட்டில் செய்யும் வேலை. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தாலும் பால் நிறமாக இருந்தாலும் அப்படியே. மீட்பு வண்டிக்கு மலையடிவாரத்திலிருந்து வேலூர் வரை சில ஆயிரம் ஆகும், அதைப் பார்த்து யாரும் செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டாம்.

11. கரையேறிய அன்றும் மறுநாள் காலையும்

ஏறியவுடன் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக மிதித்து உலர்த்துங்கள். இறக்கத்துக்கு முன் பிரேக் பிடிக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அன்று இரவு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

அன்றைக்கே அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பிரஷர் வாட்டரை ஆயில் சீல், கப்ளர், ரேடியேட்டர் மேல் நேராக அடிக்க வேண்டாம். கழுவியதும் எல்லா கிரீஸ் நிப்பிளிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும் வரை கிரீஸ் கன் அடியுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் இதில்தான் பிழைக்கிறது.

மறுநாள் காலை, வண்டியைக் கிளப்பும் முன், அடி பிளக்கைத் தளர்த்திப் பாருங்கள். டீசல் ஃபில்டரையும் வடியுங்கள். இதற்கு மொத்தம் அரை மணி நேரம்.

12. காப்பீடு

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போட்டு ஓடும் பிக்கப்புகள் நிறைய. அதில் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. முழுக் காப்பீட்டில் வெள்ளம் அடங்கும். ஆனால் தண்ணீரில் நின்ற இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் ராடு வளைந்தது என்றால், அது வெள்ளத்தின் சேதமல்ல, ஓட்டியவர் செய்ததன் விளைவு என்று மறுப்பார்கள். என் வண்டி தண்ணீரில் நின்றபோது எனக்கு வந்த முதல் பதில் கடிதமே அப்படித்தான் இருந்தது. செல்ஃப் அடிக்கவில்லை என்பதற்கு அன்று எடுத்த போட்டோவும் இழுத்து வந்த வண்டியின் பில்லும்தான் எனக்குக் கைகொடுத்தன.

இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கூடுதல் காப்பீடு இருக்கிறது. சரக்கு வண்டிக்கு எல்லா நிறுவனமும் தருவதில்லை. ஐந்து வருடத்துக்கு மேலான வண்டிக்குக் கிடைப்பது கடினம். புதுப்பிக்கும்போது வாய்மொழியை நம்பாமல், பாலிசித் தாளில் அந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கவரில் எப்போதும் வைத்திருக்க வேண்டியவை: ஆர்.சி., பாலிசி, எஃப்.சி., புகைச் சான்று, ஓட்டுபவரின் லைசென்ஸ், வண்டியின் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் என்றால் பர்மிட். இதில் ஏதாவது காலாவதியாகியிருந்தால் கிளெய்ம் இடறக்கூடும். சர்வீஸ் பில், ஆயில் மாற்றிய பில் எல்லாவற்றையும் ஜி.எஸ்.டி. பில்லாக வாங்குங்கள். அந்தப் பில் இருந்தால், பராமரிக்காததால் வந்த சேதம் என்று சொல்ல முடியாது.

நடந்த அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, கிளெய்ம் எண்ணை எழுதி வையுங்கள். சர்வேயர் (சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்புபவர்) வந்து பார்க்கும் வரை எதையும் பிரிக்கக் கூடாது. பிரித்த பிறகு கழற்றிய சாமான்களைத் தூக்கிப் போடாதீர்கள், மறுபடி கேட்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி, டயருக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். இரும்புச் சாமானுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. அதனால் எஸ்டிமேட் தொகையை அப்படியே எதிர்பார்க்காமல் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சேதமானால், நோ கிளெய்ம் போனஸ் போவதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழெட்டாயிரம் செலவுக்குக் கிளெய்ம் எடுத்தால் பல நேரம் நஷ்டம் நமக்குத்தான்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு. ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லையென்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மனுவோடு பாலிசி, மறுப்புக் கடிதம், போட்டோக்கள், இழுவை பில், மெக்கானிக்கின் அறிக்கை ஆகியவற்றின் நகலை இணையுங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.